அத்தை எழுதும் ள

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை உரசி, அளவு பார்த்து, பிரேமில் பொருத்துவது அவள் வேலை. கடையில் எல்லோருக்கும் அவள் 'லென்ஸ் அக்கா'. வாய் கொஞ்சம் நீளம். மாமியார் இல்லாத வீடு என்பதால்தான் இந்த ஆளைக் கட்டிக்கொண்டேன் என்று புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லிச் சிரிப்பாள். எதற்கும் அசராதவள் என்று பேர் வாங்கியவள், மகள் பிறந்த பிறகு பயந்தாங்கொள்ளி ஆனாள். அதற்குக் காரணம் ஓர் எழுத்து.

மகளுக்குப் பேர் வைத்தது அவள்தான். நடுவில் ஒரு ழ வரும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி புருஷனிடம் அதைச் சொன்னபோது அவன் கையிலிருந்த ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தான். பிறகு, "எந்த ழ?" என்று கேட்டான்.

"நாக்கை மடிக்கிற ழதான். உனக்கு வருமா?"

"அப்ப சரி. அது வேற எழுத்துதானே" என்றான். அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டாள்.

முதல் பிறந்தநாளுக்குப் புருஷனின் அக்கா ஒரு சின்னத் தலையணை கொண்டுவந்தாள். உறை மேல் நீல நூலில் குழந்தையின் பேர் தைத்திருந்தது, ள போட்டு.

"அண்ணி, எழுத்து மாறிப்போச்சே" என்றாள் இவள்.

"அப்படியா?" என்று அண்ணி அந்த எழுத்தை விரலால் தடவிக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் ஒரு படப் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் அண்ணியின் கணவர் தன் முத்துக் கையெழுத்தில் பேர் எழுதியிருந்தார். அதிலும் ள. அவர் வாழ்நாள் முழுக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். ழகரத்தில் சறுக்குகிற பிள்ளைகளை உட்கார விடாதவர். அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் தட்டியது. தெரியாமல் எழுதினால் திருத்திவிடலாம். தெரிந்தே எழுதுகிற மனுஷரை என்ன செய்வது?

புருஷனிடம் கேட்டாள். "விடேன், பேசும்போது ரெண்டும் ஒண்ணாத்தானே கேக்குது" என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். அண்ணியின் வீடு பள்ளிக்குப் பின்தெருவில். கடை மூட இருட்டிவிடும் என்பதால், பள்ளி விட்டதும் அத்தை வந்து கூட்டிப்போவதும், அம்மா வரும்வரை குழந்தை அங்கே இருப்பதும் வழக்கமாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தை சமையலறைத் தரையில் சாக்பீஸால் தன் பேரை எழுதிக்கொண்டிருந்தது. நடுவில் ள.

"டீச்சர் ழ சொல்லித் தரலையாடி?"

"தந்தாங்க. அது ஸ்கூல் பேரு. இது அத்தை வீட்டுப் பேரு." குழந்தை தலை நிமிர்த்திக் கேட்டது: "அம்மா, நான் முன்னாடி தண்ணில விழுந்தேனே, அப்ப நீ எங்க இருந்த?"

அவள் அடுப்பை அணைத்தாள். "யாரு சொன்னது?"

"அத்தை. எனக்கு ஞாபகம் இல்லையேன்னு சொன்னேன். மெதுவா வரும்னாங்க."

புருஷனைப் படுக்கையறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவனால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அக்காவுக்கு ஒரு பெண் இருந்தாள். ஏரிப் படித்துறையில் தவறி விழுந்து போய்விட்டாள். அவன் கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது. இதே பேர், ள போட்டு.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டா. நீ அந்தப் பேரைச் சொன்னதும் எனக்கு உடம்பே நடுங்கிருச்சு. எழுத்து வேறதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

"அவங்க தேத்திக்கலையே!"

இனிமேல் குழந்தை அங்கே போகாது என்று முடிவாயிற்று. அக்காவிடம் பக்குவமாகத் தானே சொல்லிவிடுவதாகப் புருஷன் சொன்னான். சொல்லவும் செய்தான், மறுநாள் காலையில் போனில். அதுதான் வினையாகிவிட்டது.

அன்றைக்குக் கடையில் லீவு சொல்லிவிட்டுப் பள்ளி வாசலுக்குப் போனபோது காவலாளி, "அத்தை மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களேம்மா" என்றார். அண்ணிக்குப் போன் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்தெருவுக்கு ஓடினாள். அண்ணியின் கணவர்தான் கதவைத் திறந்தார். எப்போதும் பூட்டிக் கிடக்கிற கடைசி அறை அன்று விரியத் திறந்திருந்தது. சின்னக் கட்டில். அதன் மேல் அவள் மகளின் பள்ளிச் சீருடை, ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. சுவரில் மர எழுத்துகளில் அந்தப் பேர், சாயம் வெளுத்துப்போய்.

"எங்கே என் பொண்ணு?"

"ஏரிக்குப் போயிருக்காங்க. அங்க கூட்டிட்டுப் போனா எல்லாம் ஞாபகம் வந்துடும்கறா. நான் வேண்டாம்னு சொன்னேம்மா."

"சொல்லிட்டு உக்காந்திருக்கீங்களா?"

அவர் கை நாற்காலியைத் தேடியது.

டாக்சியில் அவளால் உட்காரவும் முடியவில்லை. ஏரி என்றதும் ஓட்டுநர் எந்தப் பக்கம் என்று கேட்டார். படித்துறை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கையைத்தான் காட்டினாள்.

படிகளின் அடியில் அண்ணி நின்றிருந்தாள், கணுக்கால் தண்ணீரில். அதற்கும் கீழ்ப்படியில் குழந்தை, பழைய மடிப்பு மாறாத ஒரு கவுனில், முழங்கால் வரை தண்ணீர். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் குழந்தை திடுக்கிட்டுத் திரும்பும், படி பாசி பிடித்துக் கிடக்கிறது. செருப்பை உதறிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி இறங்கினாள்.

"அண்ணி."

"பாரேன், பயமே இல்லாம நிக்கறா" என்றாள் அண்ணி. அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

குளிரில் குழந்தையின் பல் தந்தியடித்தது. "அம்மா, எனக்கு ஞாபகமே வரலம்மா."

இவள் குழந்தையின் இடது கையைப் பிடித்தாள். வலது கை அண்ணியிடம் இருந்தது.

"கைய விடுங்க அண்ணி."

"அன்னிக்கு விட்டேன். போன் வந்துச்சு, எடுக்கலாம்னு விட்டேன். இனிமே விட மாட்டேன்."

இழுத்தால் மூன்று பேரும் தண்ணீருக்குள்தான். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "விட வேண்டாம். கெட்டியாப் பிடிச்சுக்குங்க. பிடிச்சுக்கிட்டே மேல வாங்க. மூணு பேரும் சேர்ந்து போவோம்."

அண்ணி யோசித்தாள். பிறகு ஒரு படி ஏறினாள். குழந்தை ஏறியது. இவள் கடைசியாக ஏறினாள், தண்ணீருக்கும் மகளுக்கும் நடுவில் தன் உடம்பை வைத்துக்கொண்டு.

மேலே வந்ததும் குழந்தையின் முகத்தையும் கால்களையும் தன் துப்பட்டாவால் துடைத்தாள். அண்ணி மண்ணில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இவ கன்னத்துல மச்சம் இருக்கே" என்றாள்.

"பொறந்ததுல இருந்தே இருக்கு அண்ணி."

"அவளுக்கு இல்ல" என்றாள் அண்ணி. அப்புறம்தான் அழத் தொடங்கினாள்.

உறவு முறியவில்லை. தம்பிதான் அக்காவை மருத்துவரிடம் கூட்டிப் போய் வருகிறான். அங்கே அவள் தன் பெண்ணைப் பற்றிப் பேசுகிறாளாம், பேர் சொல்லியே. இப்போது வருகிற பரிசுகளில் பேரே இருப்பதில்லை. ஒருமுறை அண்ணியின் கணவர் கடைக்கு வந்தபோது மெல்லச் சொன்னார்: "ழ போட்டு எழுத இன்னும் கை வரலைம்மா. எங்க பொண்ணை நாங்களே அழிக்கற மாதிரி இருக்கு." இவளுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சரி என்று மட்டும் சொன்னாள்.

மகள் அத்தையைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிற நாட்களில் இவளும் கூடவே போகிறாள். அத்தையும் மருமகளும் கூடத்தில் உட்கார்ந்து படம் வரைவார்கள், சிரிப்பார்கள். அண்ணி காபி கொண்டுவந்து கொடுப்பாள். இவள் வாசல் கதவை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவாள். காபி ஆறிப்போகும். கைப்பையை மடியிலிருந்து இறக்கி வைக்க இன்றுவரை அவளுக்கு மனசு வரவில்லை.