முன் ஷாக்கில் ஆட்டம்

1. கல் மாதிரி காற்று

சேலம் அஸ்தம்பட்டியில் கியர் சைக்கிள் கடையில் சேர்ந்த முதல் நாளே முதலாளியிடம் திட்டு வாங்கினேன். அதற்கு முன் பல வருடம் சாதா சைக்கிள்தான் பார்த்தவன் நான். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, கல் மாதிரி ஆகும்வரை காற்றடிப்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. அன்றும் அப்படியே அடித்து வைத்தேன்.

"அந்தோணி, இது ஏர்க்காட்டுல இருந்து இறங்குற வண்டி. இப்படி அடிச்சு வெச்சா டயர் ரோட்டைப் பிடிக்குமா, இல்ல துள்ளுமா? ஓரத்துல நம்பர் போட்டிருக்கான் பாரு. படிக்கத் தெரியுமில்ல?"

படித்தேன். எத்தனை பவுண்டு முதல் எத்தனை பவுண்டு வரை என்று டயரின் ஓரத்திலேயே அச்சடித்திருந்தது. அத்தனை வருடமாக ஒரு டயரிலும் நான் அதைப் பார்த்ததில்லை. குலுங்கலை முதலில் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று, அதற்குப் பிறகுதான் ஷாக் என்பதை அந்தக் கடையில்தான் கற்றேன். முன் வீலைத் தாங்கும் ஃபோர்க்கைக் கழற்றி, உள்ளே ஷாக்காக வேலை செய்யும் ஸ்பிரிங்கைத் துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டவும் கற்றேன். எட்டு வருடம் கழித்து வெண்ணந்தூரில் சொந்தமாகக் கடை போட்டபோது, அந்தப் பக்கம் ஷாக் வேலை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. நினைப்பு என்ன, திமிர்தான்.

2. மாணிக்கத்தின் முதுகு

மாணிக்கம் கைத்தறி நெசவாளர். குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு இடுப்பு போயிருந்தது. மகள் சேலத்தில் கல்லூரி விடுதிக்குப் போனபின் அவளுடைய ஷாக் வைத்த சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. அதை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்ணா, இதுல போனா முதுகு தாங்குமுங்களா? பழைய வண்டில பாவு நூல் எடுத்தாரப் போயிட்டு வந்தா அன்னைக்குத் தறியில குந்தவே முடியறதில்லீங்க."

நான் டயரில் காற்றைக் குறைத்தேன். ஸ்பிரிங்கை அவர் எடைக்குத் தகுந்தபடி இளக்கிவிட்டேன். தெருக்கோடி வரை ஓட்டிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார்.

"மெத்தையில போறாப்புல இருக்குதுங்ணா!"

அன்றைக்கு அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

3. "ஆடுதுங்ணா"

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் வந்தார். கடையில் நல்ல கூட்டம். நான் ஒரு வீலுக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, முன்னால ஆடுதுங்ணா."

நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஷாக்குன்னா ஆடாம என்னங்க பண்ணும்? ஆடறதுக்குத்தானே வெச்சிருக்கான்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார்.

"இல்லீங்ணா, இது வேறயாட்ட ஆடுதுங்க. பிரேக்கப் புடிச்சா டொக்குங்குது."

எழுந்துபோய் ஹேண்டில்பாரை இரண்டு தரம் மேலிருந்து கீழே அமுக்கினேன். நன்றாக இறங்கி ஏறியது. ராடில் இரண்டு சொட்டு ஆயில் விட்டேன். "ஒண்ணுமில்லீங்க, ஓட்டுங்க" என்றேன். அவரும் நம்பிப் போனார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளையவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சாதாரண ஷாக் ஃபோர்க்கில் மேல் ராடு கீழ்க் குழாய்க்குள் நுழைந்திருக்கும். இரண்டும் பிரியாமல் பிடித்திருப்பவை, வீல் பக்கத்தில் குழாய்க்கு அடியில் உள்ள போல்ட்டுகள். அவை இளகினால் குழாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவும். மேலிருந்து அமுக்கினால் எதுவும் தெரியாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் டொக்கென்று கைக்குத் தெரியும். அரை நிமிஷ வேலை. அதை நான் செய்யவில்லை.

மூன்றாம் நாள் ராசிபுரம் ரோட்டில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கீழ்க் குழாய் இரண்டும் வீலோடு கழன்று போய்விட்டன. மாணிக்கம் வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்து, பிளேட் வைத்தார்கள்.

4. தறி வீட்டில்

சைக்கிளை என் கடைக்குத்தான் கொண்டுவந்து போட்டார்கள். அடியில் போல்ட் இல்லாத இரண்டு ஓட்டைகளையும் பார்த்தேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அவர் வீட்டுக்குப் போக எனக்கு மூன்று மாதம் ஆனது. பயம்தான், வேறொன்றுமில்லை.

போனபோது அவர் மனைவி தறியில் இருந்தார். மாணிக்கம் ராட்டை முன்னால் உட்கார்ந்து, இடது கையால் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தறியில் ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடாவின் கயிற்றை வெட்டி இழுப்பது வலது கை. கட்டுப் பிரித்தபின்னும் அந்தக் கைக்கு அந்த வெட்டு வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார்.

"எம்மேலதானுங்ணா தப்பு. தறியில பலகை ஆடுதுன்னு சொன்னா, எங்க ஆசாரி வந்து எந்தப் பக்கம் லூசுன்னுதான் மொதல்ல பாப்பாரு. அந்த நெனப்புலயே உங்ககிட்டயும் ஆடுதுன்னு சொல்லிப்போட்டனுங்க. உங்க தொழில்ல அதுக்கு வேற பேரு இருக்குமாட்ட இருக்குது. எனக்கு வெவரமாச் சொல்லத் தெரியலீங்க."

தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவர் அவ்வளவு சுலபமாக வழிவிட்டிருந்தார்.

"இல்லீங்க மாணிக்கம். எங்க தொழில்லயும் அதே பேருதான். வீல்ல ஆட்டம், பெடல்ல ஆட்டம்னு தினம் பத்து தடவை சொல்றோம். நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நாந்தான் காதுல வாங்கல. அன்னைக்குப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

ராட்டை நின்றது. தறிச் சத்தமும் நின்றது. அவர் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப... தெரிஞ்சிருக்குமுங்களா?"

"தெரிஞ்சிருக்கும்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மனைவியைப் பார்த்து, "அண்ணனுக்குத் தண்ணி குடு" என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

அதன்பின் அவர் என்னோடு பேசுவதில்லை. கடை வழியாக நடந்துதான் போகிறார், இந்தப் பக்கம் திரும்புவதில்லை. தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் நிம்மதியாக இருந்த மனிதர். அந்த நிம்மதியையும் நான் கெடுத்துவிட்டேனோ என்று சில நாள் நினைப்பேன். ஆனாலும், சொல்லாமல் வந்திருந்தால் அந்தக் கைக்கு நான் இரண்டாவது தரம் துரோகம் செய்தவன் ஆகியிருப்பேன்.

காற்று எத்தனை பவுண்டு, கிரீஸ் எது, போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் படித்துவிடலாம். வண்டிக்காரர் ஏதாவது சொன்னால் கையில் இருக்கும் வேலையைக் கீழே வையுங்கள். தினமும் அந்த வண்டியில் போகிறவர் அவர். நமக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.