துணி உலர்த்தத் தேக்குக் கைப்பிடி

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் கைப்பிடி வைத்தது துணி பறந்து போகாமல் இருப்பதற்காக என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். துணி உலர்த்துவதற்குத் தேக்குக் கட்டையில் கைப்பிடி வைத்த வீடு, காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் எங்களுடையது ஒன்றுதான் இருந்திருக்கும். கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பொய்யைக் கொஞ்சம் அசட்டுத்தனமாகச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அது ஐம்பதுகளின் கடைசி. வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், திருச்சியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர், அவருடைய அப்பா. மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனார் ரயில்வேயில் எஞ்சின் டிரைவராக இருந்து ரிடயர் ஆனவர். காவேரிப் பாலத்தின் மேல் எத்தனை தடவை வண்டி ஓட்டியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது.

எஞ்சினை விட்டு இறங்கிவிட்டாரே தவிர, அந்தப் பாஷையை அவர் விடவில்லை. நீராவி எஞ்சினில் டிரைவர் முன்னும் பின்னும் நகர்த்துகிற ஒரு பிடி உண்டாம். அது பல் பல்லாக வெட்டிய இரும்பில் ஒவ்வொரு வெட்டாக விழுந்து நிற்குமாம். அந்த வெட்டுக்குப் பெயர் நாட்ச். எங்கள் வீட்டில் எல்லாமே நாட்ச் கணக்குதான். ரேடியோ சத்தமாக இருந்தால் ஒரு நாட்ச் குறைக்க வேண்டும். ரசத்தில் உப்புக் கூடிவிட்டால் இரண்டு நாட்ச் தூக்கல். என் வீட்டுக்காரர் கோபப்பட்டால், "அவன் நாலு நாட்ச்ல வந்துட்டிருக்கான், ஒதுங்கி நில்லும்மா" என்பார்.

இன்னொரு பெருமை அவருடைய கண். ரயில்வே டாக்டர் வருஷா வருஷம் பார்த்து, ஆறுக்கு ஆறு என்று எழுதிக் கொடுத்த கண் அது. கண்ணாடி போட்டவர்களை எல்லாம் ஏதோ ஒழுக்கக் குறைவு உள்ளவர்களைப் போலப் பேசுவார்.

சாயங்காலம் ஆனால் மாடிக்குப் போய்விடுவார். எங்கள் ஊர் வெயிலைவிடப் புழுக்கம் பொல்லாதது. இரண்டு பக்கமும் ஆறு இருக்கிறதென்று பெயர், உடம்பு உலருவதே கிடையாது. மாடியில் மட்டும் தெற்கிலிருந்து கொஞ்சம் காற்று வரும். அங்கே நின்றுகொண்டு கிழக்கே பாலத்தில் வண்டி போகிற சத்தத்தை வைத்து, கூட்ஸா பாசஞ்சரா, காலியா பாரமா என்று சொல்வார். பொழுது சாய்ந்ததும் தெற்கே திரும்பி, "மலையில விளக்குப் போட்டாச்சு" என்று மலைக்கோட்டையைப் பார்த்துக் கும்பிடுவார். நான் அதைக் கேட்டுவிட்டுத்தான் கீழே வந்து விளக்கேற்றுவேன்.

ஒருநாள் திருச்சிப் பக்கம் கரண்ட் இல்லை. மலை இருந்த இடமே இருட்டாக இருந்தது. நான் உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போலத் தெற்கே திரும்பினார். "மலையில விளக்குப் போட்டாச்சு" என்று சொல்லிக் கும்பிட்டார்.

நான் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டேன். பிறகு மடித்தேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மனுஷனுடைய மானத்தில் கை வைக்க எனக்குத் தைரியம் போதவில்லை. அதன் பிறகு கவனித்துப் பார்த்தால் எல்லாம் பட்டவர்த்தனமாக இருந்தது. டம்ளரை விரலால் தேடித்தான் எடுத்தார். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, என்னைத் தலைப்புச் செய்தி வாசிக்கச் சொன்னார். "நீ படிச்ச பொண்ணு, உச்சரிப்பு நல்லா இருக்கு" என்று காரணமும் சொன்னார். நானும் பெரிய விதுஷி போல வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மாடியில் சுவரோ கம்பியோ கிடையாது. விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குச் செங்கல் கட்டு, அவ்வளவுதான். பங்குனி மாதம் ஒரு மத்தியானம், நாலு மணி இருக்கும். வடாம் எடுக்கப் போனேன். பாலத்தில் ஏதோ நீளமான வண்டி போய்க்கொண்டிருந்தது. மாமனார் அந்தச் சத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கிழக்கு மூலையில் அவர் கால் செங்கல் கட்டில் இடித்தது. அதைப் படி என்று நினைத்தாரோ என்னவோ, ஏறி நின்றார். பாதி பாதம் வெளியே இருந்தது. கீழே பக்கத்து வீட்டுக் கிணற்றடி.

கத்தினால் திரும்புவார், திரும்பினால் விழுவார். எப்படியோ, தினமும் கூப்பிடுகிற குரலில், "மாமா, காபி ஆறிப்போகுது" என்றேன்.

"இந்தா வரேன்" என்று பின்னால் இறங்கி, என் குரல் வந்த பக்கம் நடந்து வந்தார்.

உண்மையில் காபி போடவே இல்லை. அன்று பால்காரர் இன்னும் வந்திருக்கவில்லை, அடுப்பும் மூட்டவில்லை. கீழே வந்து உட்கார்ந்தவருக்கு மோர் கொடுத்தேன். காபி எங்கே என்று கேட்காமல் குடித்தார். அவர் காபியை மறந்துவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம், அப்பா கால் தடுக்கி விழப் பார்த்தார் என்பதை மட்டும் சொன்னேன். கண் விஷயத்தைச் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. மறுநாள் அவர் ஆபீஸிலிருந்து வரும்போது மாடிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கையில் எடுத்தால் என் உள்ளங்கை நிறையும் பூட்டு.

அந்த மாடிதான் அவருக்கு மிச்சம் இருந்தது. கடைத்தெருவுக்குப் போவதை ஏதேதோ சாக்குச் சொல்லி நிறுத்தியிருந்தார். மாடிக் கதவையும் பூட்டிவிட்டால் அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து முடிந்து போவார் என்று எனக்குத் தோன்றியது. பூட்டு வேண்டாம், கைப்பிடி வைக்கலாம் என்று சண்டை போட்டேன். சரி, ஐப்பசி மழைக்குள் கைப்பிடி வந்தாக வேண்டும், இல்லையென்றால் பூட்டுத்தான் என்று முடிவாயிற்று. பூட்டு சமையலறை அலமாரியில் சாவியோடு காத்திருந்தது.

மாமனாரிடம் துணிக் கதையைச் சொன்னேன். பெரிய விஷயம்போலத் தலையாட்டினார். "ஆமாம்மா, போன மாசம்கூட உன் புடவை பறந்து போச்சே" என்றார். அப்படி எதுவும் பறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரைத் திருப்திப்படுத்த முடியவில்லை. நாலடிக்குச் சுவர் எழுப்பலாம் என்றார் மகன். சுவர் காற்றை அடைக்கும், கயிற்றுக் கட்டிலில் படுத்தால் புழுங்கிச் சாக வேண்டியதுதான் என்றார் அப்பா. இரும்புக் கிராதி வைக்கலாம் என்று மகன் எதிர்வீட்டைக் காட்டினார். எதிர்வீட்டுக் கிராதி இரண்டே வருஷத்தில் பெயிண்ட் கொப்பளித்து, தொட்டால் செதிள் செதிளாக உதிர்ந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் அதன் காலடியிலிருந்து சுவரில் பழுப்பாக வடியும். ஆனால் மாமனார் துருவைப் பற்றிப் பேசவில்லை. "வெயில்ல இரும்பைப் பிடிச்சுப் பாரு, தெரியும். எஞ்சின்ல ஏறும்போது நாங்க கைக்குத் துணி சுத்திக்கிட்டுத்தான் பிடிப்போம்" என்றார். வெறும் மரம் என்றால் மழையில் ஊதும், வெயிலில் பிளக்கும், சிலாம்பு கையில் ஏறும் என்றார்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்று என் வீட்டுக்காரர் என்னிடம் முணுமுணுத்தார். நாங்கள் எல்லோரும் பார்வைக்கு எப்படி இருக்கும், எத்தனை வருஷம் தாங்கும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் ஆரம்பத்திலிருந்து கையைப் பற்றியே பேசினார். துணிக்கு எதற்கு இத்தனை கை என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் அவரே வழி சொன்னார். கால்களுக்கு, பழைய எஞ்சின்களிலிருந்து கழற்றிய பாய்லர் குழாய்கள். பொன்மலைப் பக்கம் பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. மேலே பிடிக்க மரம். மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ்மில்லைப் பிரித்தபோது வந்த தேக்கு உத்தரம் ஒன்றை ஆசாரி பிடித்துக்கொண்டு வந்தார். பல வருஷம் மில்லில் காய்ந்து கிடந்த மரம், இனிமேல் நெளியாது என்றார். அறுத்தபோது தவிட்டு வாசனை அடித்தது.

வேலை ஆவணியில் தொடங்கியது. குழாய்களைச் சுரண்டி, துருவுக்கான சிவப்புப் பெயிண்டை இரண்டு பூச்சு அடித்தார்கள். குழாய் நட்ட இடத்தில் தண்ணீர் தேங்காமல் இருக்க, காலைச் சுற்றிச் சிமெண்டைச் சரிவாகக் குவித்துப் பூசினார்கள். மரத்தின் மேற்பக்கத்தை மழை வழிந்தோட உருட்டலாக இழைத்தார்கள். மாமனார் தினமும் வந்து நின்று, கட்டையில் கையை ஓட்டிப் பார்த்தார். போல்ட் தலை மேலே வரக்கூடாது என்றார். இணைப்பில் நகம் இடறக்கூடாது என்று இரண்டு இடத்தை மறுபடி இழைக்கச் சொன்னார். ஆசாரிக்கு முகம் சுண்டிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஒரு குழாயில் பெயிண்ட் விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடித்தார். இப்போதே அடித்துவிட வேண்டும் என்று ஆசாரியிடம் சொன்னவர், "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன பிரயோஜனம்?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"கும்பிடறதுக்குக் கண் எதுக்குடா? கை போதும்" என்றார் மாமனார். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டுப் பெயிண்ட் டப்பாவைத் தேடப் போனார்.

வேலை முடிந்த நாளில் அவர் ஆபீஸ் போயிருந்தார். மாமனார் என்னிடம் ஆசாரிக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். கலக்கி எடுத்துக்கொண்டு மேலே வந்தபோது இரண்டு பேரும் கிழக்கு மூலையில் நின்றிருந்தார்கள். ஆசாரி கையில் உளி இருந்தது. என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஏதோ சின்னப் பிசிறு, எடுத்தாகிவிட்டது என்றார் ஆசாரி. மோரைக் குடித்துவிட்டு, போகும்போது மாமனாரைக் கும்பிட்டுவிட்டுப் போனார். இத்தனை நாள் படுத்தின மனுஷரை ஏன் கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே மாமனார் கைப்பிடியைப் பிடித்தபடி மாடியைச் சுற்றி வந்தார். தெற்கே சரியாக மலைக்கு நேராக நின்றார், கும்பிட்டார். கிழக்கே பாலத்துக்கு நேராக நின்றார். பிறகு படிக்கு நேராக வந்து, தடுமாறாமல் இறங்கினார். இப்படியே ஒரு மாதம் போயிற்று. அப்பாவுக்குக் கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, நாம்தான் அனாவசியமாகப் பயந்தோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பூட்டைக் கரி வைக்கிற அறைக்குப் போட்டுவிட்டார்.

மழை விட்ட ஒரு நாள், சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கட்டைக்கு வேப்பெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தெற்குப் பக்கம், கட்டையின் அடியில், உட்புறமாக என் விரல் ஒரு பள்ளத்தில் விழுந்தது. குனிந்து பார்த்தேன். விரல்நுனி அளவுக்குச் சுத்தமாக உளியால் வெட்டின வெட்டு. நிமிர்ந்தால் நேர் எதிரே மலை. கிழக்கே போய்த் தடவினேன். பாலத்துக்கு நேரே இன்னொன்று. படிக்கு நேரே ஒன்று.

மூன்றாவதில் விரலை வைத்தபடியே நின்றேன். முதலில் வந்தது கோபம்தான். பெற்ற பிள்ளையிடமும் என்னிடமும் சொல்லாததை, மலை எங்கே இருக்கிறது, பாலம் எங்கே இருக்கிறது என்று ஒரு ஆசாரியிடம் கேட்டிருக்கிறார். அப்புறம்தான் தோன்றியது, நாங்கள் கேட்கவிடவில்லை. நானே கட்டின துணிக் கதைதான் அவர் வாயையும் அடைத்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

எண்ணெய் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

"எத்தனை நாட்ச் எண்ணினே?" என்றார்.

"மூணு மாமா. மலைக்கு, பாலத்துக்கு, படிக்கு."

"நாலு."

எழுந்து வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கிழக்கு மூலைக்குப் போனார். என் கையை வாங்கி, கட்டைக்கு அடியில் வைத்தார். மற்றதைவிட ஆழமான வெட்டு. எதிரே பார்த்தேன். பக்கத்து வீட்டின் மொட்டைச் சுவர். கீழே கிணற்றடி.

"இங்கேருந்து ஒண்ணும் தெரியாதே மாமா."

"தெரியாதுதான். இது காபி நாட்ச்."

எனக்கு உடனே புரியவில்லை.

"அன்னிக்குப் பாலே வரலை. நீ அடுப்பும் மூட்டலை, புகை வாசனைகூட இல்லை. ஏறி நின்ன அப்புறம்தான் கால் விரலுக்குக் கீழே ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுது. முன்னாடி போறதா பின்னாடி போறதான்னு எனக்குப் புரியலை. உன் குரல் எந்தப் பக்கம் வந்துதோ அந்தப் பக்கம் இறங்கினேன்." என் கையை விட்டுவிட்டு, "வெளியே போய் வந்துட்டிருந்தப்பவே புத்தூர்ல ஒரு டாக்டர்கிட்ட ரகசியமாப் போய்க் காட்டினேம்மா. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னுட்டார். அவன்கிட்ட சொல்லிடாதே" என்றார்.

"சொல்லலை மாமா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குத் தெரியாது என்று நினைத்துச் சத்தமில்லாமல் அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொள் என்றார்.

அன்று பால் வந்திருந்தது. கீழே போய் அடுப்பை மூட்டி, டிகாக்ஷன் இறக்கி, காபியை மேலே கொண்டுவந்தேன். அந்த நாலாவது வெட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தவரிடம் டம்ளரைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை ஒரு நாட்ச் கம்மி" என்றார்.