நாற்று முடியாகக் கிடந்த உகா மரம்

காலை 5.40. தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் மன்னார்குடி வண்டியில் ஏறினேன். என்னோடு ஏறிய சாமான்களைப் பார்த்து நடத்துனர் டிக்கெட் கொடுக்காமல் சற்று நேரம் நின்றுவிட்டார். ஒரு மீன் பெட்டி, இரண்டு ஈரச் சாக்கு, ஒரு கைரம்பம், ஒரு மண்வெட்டி, ஒரு மூட்டை தென்னைநார்க் கழிவு. எங்கே மரம் வெட்டப் போகிறீர்கள் என்றார். வெட்டவில்லை, வேரோடு பெயர்த்து வரப் போகிறேன் என்றேன். எனக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என்று இரண்டு டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். பொன்சாய் என்பது பதினோரு வருடமாக எனக்குப் பிடித்திருக்கும் பைத்தியம். ஐரோப்பாவில் இந்தப் பைத்தியம் முற்றியவர்கள் மலைச்சரிவில் காட்டு ஆலிவ் மரங்களைத் தேடிப் போவார்கள். ஆடு கடித்துக் கடித்து, காற்று அடித்து அடித்து, அடிமரம் பருத்தும் உயரம் போகாமலும் கிழடு தட்டி நிற்கும் மரங்கள் அவை. பெயர்த்து வந்து ஆழமில்லாத தட்டில் வைத்து, கிளையை ஒடுக்கி, கம்பி சுற்றி, பத்து வருடத்தில் ஒரு காட்டையே மேசைமேல் வைத்துவிடுவார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நான் ஏங்கிப் போயிருந்தேன். காவிரிக் கரையில் காட்டு ஆலிவுக்கு எங்கே போக?

உகா இருக்கிறது. கடலோர உவர் மண்ணில் வளரும். தடித்த இலை, முறுக்கிய கட்டை, லேசில் சாகாத உயிர். மிஸ்வாக் என்று பல் துலக்கக் குச்சி விற்கிறார்களே, அது இந்த மரம்தான். பார்வைக்கு ஆலிவின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். ஆறு மாதம் முன்பு, என்னோடு வேலை பார்க்கும் கவிதாவின் கல்யாணத்துக்காக வேதாரண்யம் பக்கம் போனபோது, அவள் வீட்டு வயல் வரப்பில் ஒன்றைப் பார்த்தேன். முழங்கால் உயரம்தான், அடிமரம் என் தொடைக் கனம். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சாய்ந்த பக்கத்தின் மேற்புறம் பட்டை உரிந்து எலும்பு நிறத்தில் வெளுத்திருந்தது. பொன்சாய்க்காரர்கள் உளியும் கையுமாக மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்கிற வேலையைக் காற்றும் உப்பும் சும்மா செய்து வைத்திருக்கின்றனவே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பந்தியில் இரண்டு முறை என்னைத் தேடினார்களாம்.

காட்டில் கை வைத்தால் வனத்துறை பிடிக்கும். இது கவிதாவின் அம்மா மல்லிகாக்காவின் பட்டா நிலம். கேட்டேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். மழைக்கு முன்பு வருகிறேன், வேர்தான் முக்கியம், வேருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று போனில் மூன்று முறை சொல்லியிருந்தேன். அந்த மூன்று முறைதான் வினையானது.

7.00, மன்னார்குடி. 8.15, திருத்துறைப்பூண்டி, இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி. அங்கிருந்து வேதாரண்யம் வண்டி. புரட்டாசிக் கடைசி. இருபுறமும் சம்பா நாற்றாங்கால்கள் கிளிப்பச்சையாகத் தெரிந்தன. தெற்கே போகப் போகப் பச்சை மெலிந்து, வாய்க்கால் கரைகளில் உப்புப் பூத்த மண் தெரிய ஆரம்பித்தது. வேதாரண்யத்துக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் இறங்கி ஆட்டோ பிடித்தேன். மூன்று கிலோமீட்டருக்கு நூறு ரூபாய். பெட்டி காலியாகத்தானே இருக்கிறது, திரும்பும்போது கனமாக இருந்தால் நூற்றைம்பது என்று ஓட்டுநர் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

9.40. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வரப்புக்கு நடந்தேன். மரம் இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு குழி. குழி நிறையச் சேற்றுத் தண்ணீர்.

யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் மல்லிகாக்கா வாய்க்கால் பக்கமிருந்து, முழங்கால்வரை சேறும் முகம் நிறையச் சிரிப்புமாக வந்தார். ஐம்பத்தைந்து வயது. முப்பத்தைந்து வருடமாக நடவுக்குப் போகிறவர். அக்கம்பக்கம் நான்கு ஊரில் நடவாள் சேர்த்துக்கொண்டு போவது அவர்தான். இப்போது சொந்தமாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் இருந்தும் அந்த வேலையை விடவில்லை.

"வாங்க டீச்சர். நேத்தே இன்ஜின் வெச்சுத் தண்ணி விட்டு ஊற வெச்சுட்டேன். விடியக்காலம் நாலு பேரு சேந்து பறிச்சாச்சு" என்றார்.

வாய்க்காலில் கிடந்தது என் மரம். வேரில் ஒரு பொட்டு மண் இல்லை. நாற்றை உதறி அலசுவதுபோல் உதறி அலசி, வேர் முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது. இலை ஒன்றுகூட இல்லை. நுனிகளையெல்லாம் கிள்ளி எடுத்திருந்தார்கள். வைக்கோல் பிரியால் நடுவில் இறுக்கிக் கட்டி, நாற்று முடியைப் போடுவதுபோல் தண்ணீரில் போட்டிருந்தார்கள்.

நான் படித்தது வேறு. முதல் வருடம் ஒரு பக்கம் பள்ளம் எடுக்க வேண்டும், அடுத்த வருடம் மறுபக்கம். தாய்மண்ணைக் கலைக்கவே கூடாது. அந்த மண்ணோடு சாக்கில் சுற்றித் தூளியில் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை சாமானும் சுமந்துகொண்டு போயிருந்தேன்.

"அம்பது வருஷ மரத்தைக் கொன்னுட்டீங்களே" என்றேன். சொல்லவில்லை, கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். வேருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நான் சொல்லவில்லையா, வேர் முக்கியம் என்று எத்தனை தரம் சொன்னேன் என்றெல்லாம். மகள் வயதுப் பிள்ளைகளை வகுப்பில் அதட்டுகிற குரல் அது. அந்தக் குரலில் என்னைவிட மூத்த ஒருவரை, அவர் வயலில் நின்றுகொண்டு அதட்டினேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

மல்லிகாக்காவின் சிரிப்பு போய்விட்டது. ஆனால் குரல் உயரவில்லை. வேர் முக்கியம் என்றதால்தான் ஒரு சல்லிவேர்கூட அறாமல் நான்கு பேராகப் பறித்தோம் என்றார். பிறகு, உண்மையிலேயே புரியாதவராகக் கேட்டார்.

"நாத்தைப் பறிச்சுப் போட்டுட்டுத்தான டீச்சர் நடவாளைக் கூப்புடுவாங்க. நடுறவங்களை நிக்க வெச்சுட்டா பறிப்பாங்க?"

நடுகிறவள் நான். பறித்து, அலசி, முடி கட்டி, எல்லாம் தயாராக வைத்து அந்த நடவாளுக்காக அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள்.

வரப்பில் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். இந்த மரம் இப்படிக் கிடப்பது இது முதல் தடவை இல்லை என்றார்.

"புயல் வந்த வருஷம் இது வேரு வானத்தைப் பாக்க மல்லாந்து கெடந்துச்சு. பதினோரு நாளு. நாங்க பள்ளிக்கூடத்து முகாம்ல இருந்தோம். வந்து பாத்தா கூரை இல்ல, ஆடு இல்ல, நாப்பது தென்னையும் படுத்துக் கெடக்கு. எதையாவது ஒண்ணைத் தூக்கி நிறுத்துனாத்தான் மத்ததைத் திரும்பிப் பாக்க முடியும்னு தோணுச்சு. கைக்கு அடக்கமா இருந்தது இது ஒண்ணுதான். உப்பு போக அலசுனேன். நுனியக் கிள்ளுனேன். சேத்துல வெச்சேன். எனக்குத் தெரிஞ்ச வேலை அதான டீச்சர்?"

காற்றும் உப்பும் ஐம்பது வருடம் செதுக்கியது என்று நான் வாயைப் பிளந்து பார்த்த அந்த வெள்ளைக் கட்டை, பதினோரு நாள் வெயிலில் மல்லாந்து கிடந்த பக்கம். அந்தச் சாய்வு, வீடிழந்த ஒரு பெண் தனியாக நிமிர்த்த முடிந்த அளவு. காட்டு மரம், காட்டு மரம் என்று நான் கொண்டாடியது இவர் கையால் நட்ட மரம். அதைத்தான் நான் பந்தியில் தாம்பூலம் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறேன். அவரும் கொடுத்திருக்கிறார்.

மன்னிப்புக் கேட்டேன். மரத்தைத் திருப்பி அந்தக் குழியிலேயே வைத்துவிடுங்கள், எனக்கு வேண்டாம் என்றேன். மனதார, கண்ணீரோடுதான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பறித்த நாற்றை மறுபடி நாற்றாங்காலில் யாரும் வைக்க மாட்டார்கள், பறித்துவிட்டால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார். அதோடு, இன்றைக்கே நட வேண்டும், பொழுது சாயவிடக் கூடாது என்றும் சொன்னார்.

11.10க்குக் கிளம்பினேன். பெட்டியில் மரம், சாக்கு நிறைய அந்த வயல் சேறு. ஓட்டுநர் சொன்னபடி நூற்றைம்பது வாங்கினார். மன்னார்குடி வண்டியில் பக்கத்து இருக்கை அம்மாள் ஒருவர், இது எந்தக் கோயிலுக்கு என்று கேட்டுவிட்டுத் தன் தண்ணீர்ப் பாட்டிலில் பாதியை வேரில் ஊற்றினார். 3.50க்குத் தஞ்சாவூர். பொன்சாய்க்கென்று சலித்துச் சலித்துச் சேர்த்துவைத்த செங்கல் பொடியையும் ஆற்று மணலையும் ஓரங்கட்டிவிட்டு, ஆழமான தொட்டியில் அந்தச் சேற்றையே குழைத்து நட்டு முடித்தபோது மணி ஐந்து.

அடுத்த மூன்று வாரம் நான் நன்றாகத் தூங்கவில்லை. மல்லிகாக்காவுக்குப் போன் செய்யவும் பயம். இருபத்து மூன்றாம் நாள் காலை, கிள்ளிய நுனிகளுக்குக் கீழே எறும்பு முட்டை அளவில் பச்சை. எண்ணினேன், பதினேழு. மாடியிலிருந்தே கூப்பிட்டேன். பச்சை பிடித்துவிட்டது அக்கா என்று கத்தினேன், இந்த முறை சந்தோஷத்தில்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. பிடிக்கும் என்று தெரியுமே என்றார். பிறகு, எப்போது தரையில் வைக்கப் போகிறீர்கள், இடம் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டார். தரையில் வைப்பதில்லை அக்கா, அடுத்த வருடம் ஆழமில்லாத தட்டுக்கு மாற்றுவேன், வேரை வெட்டி வெட்டி அதிலேயே வைத்துக்கொள்வேன், நூறு வருடம்கூட இருக்கும் என்று பெருமையாகத்தான் விளக்கினேன்.

"ஆயுசு முழுக்க நாத்தாங்கால்லயேவா டீச்சர்?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மாடி முழுக்கத் தட்டுத் தட்டாக ஆல், அத்தி, புளி, இச்சி. அன்று அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற எனக்குக் கூச்சமாக இருந்தது.