இருபது டஜன் வளையலும் ஒரு சின்ன விமானமும்

சென்ற செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம், மெல்லிய தூறல். மயிலாப்பூரிலிருந்து புறப்பட்ட எங்கள் டாக்ஸி விமான நிலையத்தில் நின்றது.

மறுநாள் ஹூப்ளியில் என் மகளுக்கு வளைகாப்பு. அவள் பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே வளையல்கள் பயணம் செய்தன. இருபது டஜன், எல்லாம் கண்ணாடி. மாட வீதியில் வாங்கி, கற்பகாம்பாள் சந்நிதியில் வைத்து எடுத்தவை.

விமானத்தில் கூட்டம் குறைந்துவிட்டதால் கம்பெனி சிக்கனத்தில் இறங்கியிருக்கிறது. நாலு கவுன்ட்டரில் ஒன்றில்தான் ஆள். அந்தப் பெண்ணே பெட்டியைத் தூக்குகிறாள், அவளே ஸ்டிக்கர் ஒட்டுகிறாள்...

“ரெண்டு கிலோ கூட இருக்கு சார்.”

“பணம் கட்டிடறேம்மா.”

“வாங்க முடியாது சார். ரெண்டு ஃப்ளைட்டை ஒண்ணாக்கி, சின்ன விமானமா விட்டிருக்காங்க. கூட ஒரு கிலோ விட்டாலும் என் சம்பளத்துல கை வைப்பாங்க.”

அவளிடம் எப்படிக் கோபப்படுவது?

வரிசையை விட்டு ஒதுங்கிப் பெட்டியைத் திறந்தோம். பட்சணத்தை எடுத்துவிடலாமா என்றேன்.

“சம்பந்தி ஆத்துல வெறுங்கையோட போய் நிக்கச் சொல்றேளா?” என்றாள் மனைவி.

சரி, வளையலை விட்டுவிட்டு வளைகாப்பு நடத்துவதா? 

பின்னால் நின்றிருந்த சைதாப்பேட்டை அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்தார். “இன்னா பெரியவரே, இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற? கையில மாட்டிக்கினா எடை போடுவாங்களா? இந்தா, எனக்கு ரெண்டு டஜன் போடு.” பிறகு வரிசையைத் திரும்பிப் பார்த்து, “வாங்கம்மா, வளைகாப்புக்கு வளையல் போட்டுக்க யாருன்னா மாட்டேன்னு சொல்வாங்களா?”

யாரும் சொல்லவில்லை. ஒன்பது பெண்கள் கை நீட்டினார்கள், பத்தாவது என் மனைவி. தராசைப் பார்த்த கவுன்ட்டர் பெண், “இப்ப சரியா இருக்கு” என்று சிரித்தாள்.

விமானம் முழுக்க வளையல் சத்தம். எனக்கோ கவலை. முன்பின் தெரியாதவர்கள் கையில் பதினெட்டு டஜன்... இறங்கியதும் ஒருத்தர் அவசரமாகக் கிளம்பிவிட்டால்? இருக்கை இடித்து நாலு உடைந்தால்? அபசகுனம் வேறு.

ஹூப்ளியில் ஒன்பது பேரும் பெட்டிகள் வரும் இடத்தில் காத்திருந்து கழற்றிக் கொடுத்தார்கள். ஒன்றுகூட உடையவில்லை. வளைகாப்பு வளையலை முழுக்கத் திருப்பி வாங்கும் வழக்கம் உண்டா? மனைவி ஆளுக்கு ஒரு ஜோடியை மறுபடி மாட்டிவிட்டாள்.

“உம் பொண்ணு சுகமா பெத்துக்கும், போ” என்றார் சைதாப்பேட்டை அம்மாள்.

சிக்கனத்தில் இலவச டீயும் போய்விட்டது. நடுவானில் அந்த ஒன்பது பேருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்திருந்தேன். கம்பெனி பிழைக்கட்டும்; அந்தப் பெண்ணின் பக்கத்துக் கவுன்ட்டர்களுக்கும் ஆள் வரட்டும். என் பங்கு, 1,350 ரூபாய்.