சாம்பல் பூனை

சிசுரு கறுப்பு வண்டி வாங்கினாள் என்று கேள்விப்பட்டதும் முதலில் சிரித்தவன் நான்தான். அதை ஒப்புக்கொண்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

ககோஷிமாவில் டாக்சி ஓட்டுகிற எவனும் சிரித்திருப்பான். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் சகுராஜிமா எரிமலை நினைத்தபோதெல்லாம் புகைகிறது. கோடையில் காற்று திரும்பினால் சாம்பல் முழுக்க எங்கள் தலையில்தான். டிவியில் மழை எப்போது என்பதோடு, சாம்பல் எந்தப் பக்கம் என்றும் சொல்வார்கள். அதை அடுப்புச் சாம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. பொடித்த கண்ணாடி அது. காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பெயின்ட் முழுக்கக் கோடு. வெள்ளையும் வெள்ளியும் அந்தக் கோடுகளை மறைத்துக்கொள்ளும். அதனால் எங்கள் துறைமுக ஸ்டாண்டில் நின்ற பதினான்கு வண்டிகளில் ஒன்பது வெள்ளி நிறம், ஐந்து வெள்ளை. நானும் இளவயதில் ஆசைப்பட்டு வீட்டுக்கு ஒரு சிவப்புக் கார் வாங்கியவன்தான். ஏழு வருட வெயிலில் கூரை வெளுத்து எங்கள் ஊர் இஞ்சி ஊறுகாயின் இளஞ்சிவப்பு நிறத்துக்கு வந்துவிட்டது. "இதைச் சோத்துக்குத் தொட்டுக்கலாமா?" என்று என் மனைவி கேட்டாள்.

குபொசோனோ சிசுரு பதினாறு வருடம் கம்பெனி வண்டி ஓட்டியவள். நாற்பத்தாறாவது வயதில் சொந்த டாக்சி ஓட்ட உரிமம் கிடைத்தது. கார் கடைக்காரர் வெள்ளி நிறத்தைக் காட்டிக் காட்டிக் கெஞ்சியிருக்கிறார். இவள் மசியவில்லை.

"ஏம்மா, உனக்கு வேற நிறமே கிடைக்கலையா?" என்று நான் கேட்டேன்.

"கம்பெனி குடுத்த நிறத்துல பதினாறு வருஷம் ஓட்டியாச்சு. இது என் வண்டி. எனக்குப் பிடிச்ச நிறத்துல இருக்கட்டுமே."

எங்கள் ஸ்டாண்டின் மூத்தவர் சாமெஜிமா. வாய் அதிகம், மனசு மோசமில்லை. அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் சத்தமாகவே சொன்னார்: "ஒரே வருஷம். அதுக்குள்ள இது சாம்பல் பூனையா ஆகலைன்னா என் பேரை மாத்திக்கறேன்!"

அன்றிலிருந்து அவள் வண்டிக்கு அதுதான் பெயர். "சாம்பல் பூனை வந்தாச்சா?" "சாம்பல் பூனை சவாரி போயிருக்கு." சிசுருவும் கூடவே சிரிப்பாள். ஆனால் காது சிவந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் எல்லாரும் டிக்கியில் ஒரு தூசி தட்டும் தூரிகை வைத்திருப்போம். சாம்பல் விழுந்தால் தட்டிவிட்டு அடுத்த சவாரிக்குப் போவோம். அவள் டிக்கியில் தூரிகை கிடையாது. ஐந்து கேன் தண்ணீரும் ஒரு பூவாளியும் இருக்கும். கூரை நடுவிலிருந்து மெதுவாக ஊற்றுவாள். சாம்பல் தானாக வழிந்து இறங்கும் வரை விரல்கூடப் படாது. பிறகு ஈரத் துண்டை மேலே போட்டு ஒற்றி எடுப்பாள். துடைப்பது என்ற பேச்சே கிடையாது.

"பூச்செடிக்குத் தண்ணி ஊத்தறியா?" என்பார் சாமெஜிமா.

"ஆமாண்ணே. ஒரு நாள் பூக்கும்."

ஒரு வருடம் போயிற்று, மூன்று போயிற்று. நாங்கள் மெல்லச் சிரிப்பதை விட்டுவிட்டோம். சாமெஜிமா மட்டும் விடவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது வருடம் அவர் மகள் நட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தப் பெண் அப்பாவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "கோயிலுக்கு சிசுரு அக்கா வண்டியிலதான் போவேன். உங்க வெள்ளி வண்டியில நான் ஏறமாட்டேன்."

கேட்க வெட்கப்பட்டு மனிதர் என்னைத் தூது அனுப்பினார். சிசுரு கையைக் கட்டிக்கொண்டாள். "அவர் வாயால கேக்கட்டும் அரிமுரா அண்ணே."

அடுத்த நாள் ஸ்டாண்டில் எல்லாரும் பார்க்க, சாமெஜிமா அவள் முன்னால் இடுப்பு வளைத்து நின்றார். "கல்யாணத்துக்கு வண்டி வேணும்மா."

"எந்த வண்டி அண்ணே?"

நிமிராமலே சொன்னார்: "உன்... சாம்பல் பூனை."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது.

ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு மலை பெரிதாக வெடித்தது. காற்றும் நேராக எங்கள் பக்கம். ஸ்டாண்டில் இருக்கும் அத்தனை பேரும் கோயில் வாசலில் காத்திருப்போம். அங்கே அந்த வண்டி சாம்பல் பூசிக்கொண்டோ, கீறலோடோ வந்து நின்றால் ஒன்பது வருடக் கேலியும் உண்மையாகிவிடும். போதாததற்குப் பெண் தலை முதல் கால் வரை வெள்ளை கிமோனோவில் இருப்பாள். கதவில் கிமோனோ உரசினாலே போதும், கல்யாணப் படத்தில் காலத்துக்கும் அழியாத கறை ஆகிவிடும்.

பத்து மணிக்கு வண்டி வந்து நின்றது. அது சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. கறுப்பே தெரியவில்லை. எங்களில் யாரோ "அடடா" என்றார்கள். பெண் உள்ளே இருக்க, சிசுரு மட்டும் இறங்கி வானத்தைப் பார்த்தாள். சாம்பல் அப்போதுதான் நின்றிருந்தது.

"நல்ல நேரம் தப்பிடும்!" சாமெஜிமா பதறிப்போய், குடும்பச் சின்னம் போட்ட கல்யாணக் கிமோனோவோடு தன் வெள்ளி வண்டிக்கு ஓடினார். முப்பது வருடப் பழக்கம், கை தானாகத் தூரிகையை எடுத்துவிட்டது. திரும்பி வந்து கறுப்பு வண்டியின் கூரைமேல் ஓங்கிவிட்டார். சிசுரு பாய்ந்து குறுக்கே கையை நீட்டினாள். தூரிகை அவள் முழங்கையில் விழுந்தது.

"என்னைத் துடைங்க, வண்டியைத் துடைக்காதீங்க!"

அவர் தூரிகையோடு அப்படியே நின்றார். அவள் அதை வாங்கி என் கையில் திணித்துவிட்டு டிக்கியைத் திறந்தாள். பெண் வீட்டு வாசலில் மூன்று கேன் தீர்ந்திருந்தது. மிச்சம் இரண்டு. பூவாளியை நிரப்பினாள். அவசரமே படவில்லை. கூரை நடுவில் ஊற்றினாள், கண்ணாடியில் ஊற்றினாள், கதவுகளுக்கு வந்தாள். சாம்பல் சேறாகி வழிந்து சக்கரத்தடியில் இறங்கியது. கேன் ஒன்று காலியானது. இன்னொன்றில் கடைசிச் சொட்டு வரை பெண் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவுக்கே போயிற்று. துண்டைப் போட்டாள், ஒற்றினாள், எடுத்தாள்.

கறுப்பு வந்தது. அது என்ன கறுப்பு! ஒன்பது வருடம் சாம்பலில் கிடந்த வண்டியில் ஒரு கோடு இல்லை. கோயில் வாசல் மரங்கள் கதவில் இலை இலையாகத் தெரிந்தன. நான் வாய்விட்டே கத்திவிட்டேன். பின்னால் நின்ற எல்லாரும் கைதட்டினார்கள்.

சிசுரு கதவைத் திறந்தாள். நட்சுமி இறங்கினாள். வெள்ளையில் ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை. திறந்த கதவை சிசுரு சாத்தியதும் சாமெஜிமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் ஒரு கிழவர் மூக்கு சிவந்து அழுதுகொண்டிருந்தார்.

"யாரும்மா இது, இப்படி அழறது?"

"நீங்கதான் அண்ணே. உங்க வண்டியில தெரியாது. இதுல தெரியும்."

அவர் கண்ணைத் துடைக்கக் கிமோனோக் கையைத் தூக்கினார். சிசுரு ஈரத் துண்டின் சுத்தமான முனையை நீட்டி, "ஒத்தி எடுங்க" என்றாள். அப்படியே ஒற்றிக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, அன்று போலவே சத்தமாகச் சொன்னார்:

"சொன்ன சொல்லு சொன்னதுதான். இன்னைலேருந்து என் பேரு சாம்பல் பூனை!"

கோயில் வாசல் என்றும் பாராமல் சிரித்தோம். சிசுருதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். சாமெஜிமா என்று இப்போது ஸ்டாண்டில் யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அவர் திரும்புவதும் இல்லை.