விடுமுறையில் வந்த வெற்றிலை

பதுளைக் கடைத்தெருவில் காலை வேளையில், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யார் முகத்தையும் பாராமல் நடந்து போகிற ஒரு மனிதனை நீங்கள் பார்த்திருக்கலாம். அவன்தான் இராமையா. வழக்குப் பேசும் பிரக்கிராசி ஒருவரின் கந்தோரில் டைப் அடிக்கிறான். அவன் விரல்கள் ஓடுகிற ஓட்டத்தை வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் உண்டு. அதை அவன் யாருக்காகக் கற்றுக்கொண்டான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவனும் நானும் இங்கே ஒரே கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். நான் ஜௌபர், துணிக்கடை புஹாரியின் மருமகன், இந்தத் தெருப்பிள்ளை. அவன் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியவன். தாயும் தகப்பனும் ஒரே மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட, தாய்மாமன் கருப்பண்ணக் கங்காணி எடுத்து வளர்த்தார். லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள் கொழுந்துக் கூடையைத் தூக்கிய வயதில் அவனுக்குச் சிலேட்டு வாங்கிக் கொடுத்தவர் அவர்.

கங்காணிக்கு ஒரே மகள், இராக்கம்மா. இராமையாவுக்கு முறைப்பெண். வாய்விட்டுப் பேசாமலே முடிவான காரியம் அது என்று அவன் நம்பியிருந்தான். அவளைப்பற்றி அதிகம் சொல்லமாட்டான். ஒரு தடவை மட்டும் சொன்னான். தோட்டத்துக்குப் போனால் அவன் இங்கிலீஷ் பாடத்தை உரக்கப் படிப்பானாம். அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பாளாம். படித்து முடித்ததும், "இதுல ஒரு வார்த்தையாச்சும் ஒங்களுக்குப் புரிஞ்சுச்சா மச்சான்?" என்பாளாம். அதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம், எங்கள் கடைசி ஆகஸ்ட் விடுமுறை. வறண்ட கச்சான் காற்று அடித்து, மலைப்புல்லெல்லாம் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. விடுதியைப் பூட்டினார்கள். மற்றப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக, இராமையா மட்டும் எங்கள் கடையின் பின்னறையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். சோதனைக்குப் படிக்கிறேன், விடுமுறை முடியும் முன் ஒரு நடை வருகிறேன் என்று மாமனுக்குச் சொல்லி அனுப்பினான்.

படித்தானா என்றால் படித்தான். ஆனால் அந்த நாட்களை அவன் பிழிந்து குடித்தான் என்றுதான் சொல்லவேண்டும். விடியுமுன் பதுளு ஓயாவில் குளிப்பு. பிறகு வாசகசாலை, வந்த பத்திரிகையில் ஒரு வரி விடாமல். வெயில் தாழ்ந்தால் துன்ஹிந்தைப் பாதையில் கால் போன போக்கில் நடை. இந்தியாவிலிருந்து தபாலில் வந்த புதுப்பாட்டுகளை நான் ஆற்றுப்பாறையில் உட்கார்ந்து படிப்பேன். அவன் மல்லாந்து கிடந்து நமுனுகுல மலையைப் பார்த்துக்கொண்டே கேட்பான். மணியடித்து எழுப்பவும் மணியடித்துச் சோறு போடவும் ஆளில்லாத வாழ்வு அவனுக்கு அதுதான் முதல் தடவை. அவ்வளவு சந்தோஷமாக அவனை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

இவற்றின் நடுவே டைப் மெஷின். பிரக்கிராசி கோர்ட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும் அதைத் தொடலாம் என்று அவருடைய கிளாக்கர் இடங்கொடுத்திருந்தார். கை படிந்தால் சோதனை முடிந்ததும் வேலைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றும் ஆசை காட்டியிருந்தார். வேலை கிடைத்தால் கோட்டுப் போட்டுக்கொண்டு பூனாகலைக்குப் போய், மாமன் முன்னால் நின்று பெண் கேட்பது. இதுதான் இராமையாவின் எண்ணம். வளர்த்தவரிடம், அவர் சோற்றைத் தின்கிற பிள்ளையாக நின்று கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அப்படி ஒரு முற்பகலில் அவன் கந்தோருக்குக் கிளம்பிக் கடைவாசலில் நிற்கிறான். ஊரிலேயே வீடுள்ள எங்கள் வகுப்பு ஸலீமும் இன்னும் இருவரும் உடனிருந்தார்கள்; நான் கடைக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்து கம்பளி போர்த்த ஒரு கிழவர், வெறுங்காலில், கையில் ஒரு சிறு துணி மூட்டையோடு வந்தார். தம்பையா. கங்காணியின் ஆட்களில் மூத்தவர். இரவெல்லாம் நடந்து வந்த புழுதி முழங்கால்வரை ஏறியிருந்தது.

"ஒங்க அரமனையிலருந்து தூது வந்திருக்கு இராமையா. ஆசனம் போடு" என்றான் ஸலீம். மற்றவர்கள் சிரித்தார்கள். இராமையாவின் காது மடல் சிவந்தது.

தம்பையா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். மூட்டையின் மேல் முடிச்சைத் தளர்த்தி, உள்ளேயிருந்த வெற்றிலைக்கட்டும் பாக்கும் தெரிய இரண்டு கையாலும் நீட்டினார்.

"மாமா குடுத்து விட்டாங்க தம்பி. உள்ள போயி ஒக்காந்து ரெண்டு வார்த்தை பேசணுங்க."

இராமையா தெருவைப் பார்த்தான். கோர்ட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது. "இப்ப நேரமில்லீங்க. லீவு முடியிறதுக்குள்ள நானே வாறேன்னு சொல்லுங்க."

"அப்ப இத என்னாங்க பண்றது? வாங்கிக்கிறீங்களா, திருப்பிக் கொண்டு போகட்டுங்களா?"

"குடுங்க, குடுங்க."

"யோசிச்சு வாங்குங்க தம்பி. வெத்தலைங்க."

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் வெற்றிலைதான் வரும். அதுவென்று நினைத்தானோ, எதையும் நினைக்கவில்லையோ. கிழவரை அந்த இடத்திலிருந்து அனுப்பினால் போதும் என்றிருந்தது அவனுக்கு. ஆனாலும் வளர்ந்த பழக்கம், இரண்டு கையாலும் வாங்கினான். தம்பையா அந்தக் கைகளைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். புஹாரி மாமா தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கு, இன்னொரு நாளைக்கு ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார்.

மேலிருந்த வெற்றிலையில் கொஞ்சத்தை நண்பர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். இராமையாவும் ஒன்றை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கந்தோருக்கு ஓடினான்.

சாயங்காலம் வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. ஒரு முழுப்பக்கம் பிழையில்லாமல் அடித்துவிட்டானாம். எனக்கும் ஒரு வெற்றிலை தருவதாகச் சொல்லி, மூட்டையைத் தரையில் வைத்து அவிழ்த்தான். வெற்றிலைக்கடியில், துணியின் மூலையில் தனியாக முடிந்து, ஒரு விரலி மஞ்சள் இருந்தது.

அவன் அதைக் கையில் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகுதான் எனக்குச் சொன்னான். அவர்கள் குடும்பங்களில் பெண்ணை வெளியே கொடுக்கும் முன்னால், முறை உள்ளவனுக்கு மஞ்சளோடு வெற்றிலை போகுமாம். அவன் வாங்கிக்கொண்டால், வேறு இடத்தில் கொடுங்கள், எனக்குச் சம்மதம் என்று அர்த்தம். பெண் வேண்டுமென்றால் தொடாமல் திருப்பி அனுப்ப வேண்டும்.

அவன் வாங்கியது மட்டுமல்ல, மென்று துப்பியும் ஆகிவிட்டது.

மறுநாள் காலைக் குதிரைக் கோச்சில் பண்டாரவளைக்குப் போனோம். அவனைத் தனியே விட எனக்கு மனமில்லை. வழியில் கம்பளி போர்த்த உருவம் ஒவ்வொன்றையும் அவன் தலையை நீட்டிப் பார்த்தான். தம்பையா குறுக்குப் பாதையில் எப்போதோ போய்விட்டார். பண்டாரவளையிலிருந்து மலையேறிப் பூனாகலைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கங்காணி வீட்டு வாசலில் புதிதாகச் சாணம் தெளித்திருந்தது. உள்ளே ஒரு பித்தளைத் தட்டு, குங்குமம் சிந்தியபடி வெறுமையாக இருந்தது.

"வாங்க தம்பி" என்றார் கங்காணி. வாடா மருமகனே என்று கூப்பிடுகிற மனிதர். இராமையா வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று அவன் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நீ படிச்ச புள்ள. மொகத்துக்கு நேரா கேட்டா, வளத்த மாமனாச்சேன்னு மனசில்லாமயே தலையாட்டிருவியோன்னு பயந்தேன். அதுனாலதான் தம்பையாவ அனுப்புனேன். வெத்தலைன்னா நீ பயமில்லாமப் பதில் சொல்லலாம்ல."

"மாமா..."

"நம்ம வெத்தலை ஒனக்குத் தெரியாமப் போச்சா?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "பொண்ணு கேட்டிருந்த கொஸ்லந்தைக்காரங்க காலையில வந்தாங்க. அவங்க வெத்தலைய நான் வாங்கிட்டேன். வாங்குனதத் திருப்புறது நம்ம கிட்ட இல்லப்பா."

அத்தை பெரியாயி எங்களுக்குத் தேத்தண்ணீர் வைத்தாள். இராமையா அதைத் தொடவில்லை. பீலிப்பக்கம் போனான். நானும் பின்னால் போனேன். மலைநீர் மூங்கில் குழாயில் விழுந்துகொண்டிருந்தது. இராக்கம்மா குடத்தை வைத்துவிட்டு நின்றாள். எங்களைக் கண்டதும் குடம் நிறைந்து வழிவதை மறந்தவள்போல் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் உதட்டில் முந்தின நாள் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வாய் நல்லாச் செவந்திருக்கு மச்சான்" என்றாள்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு லயத்துப் பக்கம் போனாள். இராமையா பீலியில் வாயைக் கொப்பளித்தான். கொப்பளித்துக்கொண்டே இருந்தான். நான் போய்க் கையைப் பிடித்தேன்.

ஆவணியில் கல்யாணம். முறைக்காரன் என்று அவனுக்குப் புதுவேட்டி கொடுத்தார்கள். கட்டிக்கொண்டு, மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் நின்று, வந்தவர்களைக் கும்பிட்டான். கொஸ்லந்தை மாப்பிள்ளை நல்ல மனிதர் என்று பிறகு என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னான்.

கிளாக்கர் வாக்குத் தவறவில்லை. வருஷம் திரும்புவதற்குள் வேலை கிடைத்தது. கோட்டும் தைத்தான். பூனாகலைக்கு அதைப் போட்டுக்கொண்டு போகக் காரியம் இல்லாமல் போயிற்று. பெண் பார்க்கட்டுமா என்று கேட்கிறவர்களுக்கு இன்னும் பதில் சொல்லாமல் இருக்கிறான்.

இத்தனை வருஷம் கழித்து, இப்போதும் ஆகஸ்ட் மாதம்தான். கல்லூரியில் விடுதியைப் பூட்டிவிட்டார்கள். ஊருக்குப் போகாத பையன்கள் சிலர் ஓயாவில் குதித்துக் கும்மாளம் போடுகிற சத்தம் கந்தோர்வரை கேட்கிறது. நேற்றுக் கந்தோருக்குப் போயிருந்தேன். பிரக்கிராசி லீவு தருவதாகச் சொல்கிறாராம். ஒரு நடை தோட்டத்துக்குப் போய்வரலாமே, மாமனுக்கும் வயதாகிவிட்டதே என்றேன்.

அவன் தாளைச் சுருட்டி மெஷினில் ஏற்றினான். ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான்.

"போனா வெத்தலை குடுப்பாங்க ஜௌபர்" என்றான். பிறகு அடிக்கத் தொடங்கினான்.