அப்பா சேர்த்து வைத்த ஜாக்கெட்டுகள்

“நல்லாத்தான்டி படிக்கிற கண்ணு. ஆனா நீ படிச்சா மட்டும் உங்கப்பா போட்டுக்கினு போற ஜாக்கெட் மாறிடுமா?”

நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் படித்த பள்ளியின் வராந்தாவில் வைத்து, என் வகுப்புத் தோழியின் அம்மா கேட்டது இது. அவர் கெட்டவர் இல்லை. என் மதிப்பெண்களைப் பார்த்துத் தன் மகளைத் திட்டிவிட்டு, உண்மையான கவலையோடுதான் கேட்டார். அவருடைய கணவர் சுரங்கத்தில் பெர்மனென்ட். என் அப்பா அதே சுரங்கத்தில் காண்டிராக்ட். பெற்றோர் கூட்டத்துக்கு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த அப்பா, வேலையில் மாட்டும் பாதுகாப்பு ஜாக்கெட்டைக் கழற்றித் துணிப்பைக்குள் திணித்து வைத்திருந்தார். பையின் வாய்வழியே அதன் ஒளிரும் பட்டை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டார். அப்பா பையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் படிப்பதற்காக நுழைந்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் கூச்சம் இருந்ததில்லை.

உண்மையில் ஜாக்கெட் மாறிக்கொண்டேதான் இருந்தது. நான் படித்ததால் அல்ல, காண்டிராக்டர் மாறியதால். கையில்லாத, குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடுகிற, சட்டைக்கு மேல் மாட்டிக்கொள்ளும் சாதாரணப் பாதுகாப்பு ஜாக்கெட்தான். முதுகில் காண்டிராக்டரின் பெயர் பெரிய ஆங்கில எழுத்துகளில் இருக்கும். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது ஆரஞ்சு. எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் மொத்தமாகச் சாய்ந்த அந்தப் புயலுக்கு அப்புறம் பச்சை. பிறகு மஞ்சள், பிறகு வேறொரு ஆரஞ்சு. டெண்டர் கைமாறும்போதெல்லாம் நிறமும் பெயரும் மாறும். வேலை மாறாது. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை வாரி மறுபடி பெல்ட்டில் போடுவது. மழைக்காலத்தில் அது சேறாகிவிடும். சேற்றை வாரிப் போடுவது. அப்பா நின்ற இடமும் மாறவில்லை, பள்ளிக்குப் போகிற வழியில் நான் அவருக்குச் சோற்று மூட்டை கொண்டுபோய்க் கொடுத்த சுரங்க கேட்டும் மாறவில்லை, மேல்பார்வை பார்த்த மேஸ்திரியும் மாறவில்லை. எந்தக் காண்டிராக்டர் வந்தாலும் அதே மேஸ்திரி அவரிடம் போய்ச் சேர்ந்துவிடுவார்.

அந்த ஜாக்கெட்டுக்கு ஊரில் ஓர் அர்த்தம், டவுன்ஷிப்பில் ஓர் அர்த்தம் இருந்ததை நான் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் கவனித்தேன். எங்கள் காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர, நிலக்காரர்கள் இருக்கும் ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். என் தாத்தா காலத்தில் அந்தத் தெருவில் தோள்துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நடந்தார்களாம். அப்பா அதே தெருவில் ஜாக்கெட்டின் எல்லாப் பட்டன்களையும் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். இறங்கமாட்டார். “மைன்ஸுக்கு டைம் ஆவுதுங்க” என்று போகிற போக்கில் சொன்னால் போதும், அவரைக் கூப்பிட்டுக் களை பறிக்க வா, மாட்டுக்கொட்டகை கூட்ட வா என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் தெருவில் அது உடுப்பு மட்டும் அல்ல, ஒரு பதில். வாயால் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கக்கூடிய பதில்.

டவுன்ஷிப்பை ஒட்டிய மந்தாரக்குப்பம் வந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அதே ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார். அங்கே அதன் பொருள் தலைகீழ். அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனால் பெர்மனென்ட் ஆள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் உட்காரச் சங்கடமாக இருக்கும். யாரும் எழுந்திருக்கச் சொன்னதில்லை. ஆனால் ஜாக்கெட்காரர்கள் நின்றுகொண்டே குடிப்பார்கள். ‘பெர்மனென்ட் மாப்பிள்ளை’ என்று ஒரு சொல்லே எங்கள் பக்கத்தில் உண்டு. ‘ஜாக்கெட் மாப்பிள்ளை’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சுரங்கத்துக்கு நிலம் போன ஊர்த்தெருப் பையன்கள் சிலரும் பின்னாளில் அதே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அதே பெல்ட்டுக்கு அடியில் வாரினார்கள். முதுகில் ஒரே பெயர். சோற்று மூட்டையைப் பிரிக்கும்போது மட்டும் அவர்கள் தனியாகப் போய்விடுவார்கள் என்று அப்பா சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வதுபோல் சொன்னார்.

டெண்டர் முடிகிறபோது பழைய ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். எல்லோரும் கொடுத்துவிடுவார்கள். அப்பா மட்டும் பிடித்தம் போனாலும் போகட்டும் என்று வீட்டுக்கு எடுத்து வந்து, துவைத்து, மடித்து, உரச்சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவார். போகிப் பண்டிகை வந்தால் அம்மாவுக்கும் அவருக்கும் இதே சண்டைதான்.

“ஊரே பழசக் கொளுத்துது. இந்தச் சாக்க எப்பத்தான் எறக்கப்போற?”

“அதத் தொடாத. அது என் சர்வீசு.”

“சர்வீசா? கரப்பான்பூச்சி குட்டி போட்டுக்கினு இருக்குது உன் சர்வீசுல.”

அப்பாவும் சிரித்துவிடுவார். ஆனால் சாக்கு இறங்காது. கேட் பாஸை டெண்டர் முடிந்த அன்றே வாங்கிக்கொள்வார்கள். சம்பளம் மேஸ்திரி கையால் வருவது. தான் இத்தனை வருஷம் அங்கே நின்றதற்குத் தன்னிடம் வேறு எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். என்றைக்காவது பெர்மனென்ட் ஆக்கும் பேச்சு வந்தால், யார் எவ்வளவு காலம் உழைத்தான் என்று கேட்பார்கள், அன்றைக்குச் சாக்கை அவிழ்த்துக் காட்டலாம் என்பது அவருடைய கணக்கு. ஒவ்வொரு நிறமும் ஒரு காலம். எழுதத் தெரியாத மனிதர் தன் காலத்தை எழுதிவைத்த விதம் அது. நானும் அதை நம்பினேன். பள்ளியில் படிக்கிற நானே நம்பினேன் என்பது அவருக்குத் தெம்பாக இருந்தது.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், அப்பாவும் அந்தப் பெல்ட்டில் வேலை செய்த வேறு சிலரும் சேர்ந்து காண்டிராக்டர்மேல் மனுக் கொடுத்தார்கள். நாங்கள் காலங்காலமாக இதே வேலை செய்கிறோம், எங்கள் சர்வீஸைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. கடலூரில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. காண்டிராக்டர் தரப்பில் வந்தவர், அப்பாவைக் காட்டி, இந்த ஆளை எங்களுக்குக் கடைசி டெண்டரிலிருந்துதான் தெரியும் என்றார். அப்பா இதற்காகத்தான் காத்திருந்தார். சாக்கை அவிழ்த்து, மேசைக்கு முன்னால் தரையில் ஒவ்வொன்றாக விரித்தார். ஆரஞ்சு, பச்சை, மஞ்சள். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். அத்தனை அலமாரிகளுக்கு நடுவில் அந்த நிறங்கள் ஏதோ திருவிழாத் துணிபோல் கிடந்தன.

அதிகாரி எழுந்து வந்து பொறுமையாகப் பார்த்தார். “இதெல்லாம் நீங்க போட்டதுதானா?”

“நான்தாங்க போட்டுக்கினு இருந்தேன்.”

“இதுல உங்க பேரு இல்லையேய்யா.”

அப்பா குனிந்து ஒரு ஜாக்கெட்டைத் திருப்பினார், உள்பக்கத்தில் எங்கோ தன் பெயர் இருக்கும் என்பதுபோல. காண்டிராக்டரின் ஆள் சிரித்தார். “பழைய சாமான் கடையில மூட்டை மூட்டையா கெடைக்கும் சார் இது.” அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. “அவர் சொல்றத உண்மைன்னே வெச்சிக்குவோம். முதுகுல பாருங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு பேரு. அப்ப ஒவ்வொருத்தர்கிட்டயும் கொஞ்ச கொஞ்ச காலம் வேல பாத்திருக்காரு. இதுல தொடர்ச்சியான சர்வீஸ் எங்க சார் இருக்கு?” என்றார். அதிகாரி நாற்காலிக்குத் திரும்பினார். அப்பா பரணில் ஏற்றி வைத்துக் காத்தது இவ்வளவு நாளும் எதிராளியின் சாட்சியைத்தான். கூட வேலை பார்த்தவர்கள் யாராவது வந்து சொன்னால் பார்க்கலாம் என்று அடுத்த வாய்தா கொடுத்தார்கள். யாரும் வரவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வீட்டிலும் சோறு அந்த ஜாக்கெட்டிலிருந்துதான் வந்தது. மனுக் கொடுத்த மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகிவிட, அப்பா தனியாக மிஞ்சினார்.

அடுத்த டெண்டருக்குப் புது ஜாக்கெட் கொடுத்த அன்று அப்பாவும் போனார். மைதானத்தில் மேஸ்திரி பெயர் வாசிக்க, கூப்பிடப்பட்டவன் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை நீலம். அப்பாவின் பெயர் வரவில்லை. கடைசி ஆள் வாங்கிக்கொண்டு போன பிறகும் நின்றிருக்கிறார். மேஸ்திரி காலி அட்டைப்பெட்டியை மடித்து எடுத்துக்கொண்டு, “வெயில்ல நிக்காதண்ணே, வூட்டுக்குப் போ” என்று மட்டும் சொன்னாராம்.

அதற்குப் பிறகு பண்ருட்டி மண்டியில் மூட்டை தூக்கப் போனார். ஊர்த்தெருவை இப்போது வெறும் சட்டையில் கடக்க வேண்டும். முதல் வாரமே நிலக்காரர் ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டார். “என்னடா, சும்மாத்தான இருக்கிற? தோப்புல பலா எறக்கணும், வா.” அப்பா சைக்கிளை விட்டு இறங்கினார். இறங்கிப் போய்ப் பலா இறக்கினார். கூலி குறைவில்லை, வேலையும் கஷ்டமில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்தவர் கைகால் கழுவாமல் வெகுநேரம் குழாயடியில் உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கியதைப் பார்த்த யாரோ அம்மாவிடம் சொல்ல, அம்மா என்னிடம் சொன்னாள்.

நான் பி.காம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் அப்பா பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு புது ஜாக்கெட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சின்ன அளவு. எனக்கானது.

“மேஸ்திரி குடுத்தாரு. ஆபீசு வேல. கம்ப்யூட்டர்ல ஆள் வரவு பாக்கணுமாம். வெயில்ல நிக்க வேணாம்.”

“சும்மாவா குடுத்தாரு?”

அப்பா உறையின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார். “கேச வாபஸ் வாங்கிடணுமாம்.”

“அப்ப உன் சர்வீசு?”

“அதான் என் பேரே இல்லன்னுட்டாங்களே.”

அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். “போட்டுக்கினு போடி. இவ்ளோ படிச்சிட்டு வூட்ல குந்திக்கினு இருந்தா ஆச்சா? நம்ம வூட்லேர்ந்து ஒருத்தராவது உள்ள போவட்டும்.”

மறுநாள் அவர்கள் வேலைக்குப் போன பிறகு அதைப் போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டே தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாயடியில் நின்றவர்கள் குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். “என்னாடி, மைன்ஸ் ஆபீசரு” என்று ஒருத்தி கேலி பண்ணினாள். அந்தக் கேலியில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது. அப்பா ஏன் பட்டன்களை எல்லாம் போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் போனார் என்பது அப்போது என் உடம்புக்குப் புரிந்தது. அது மிக நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கழற்றியபோது முதுகைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் ஒரு பெயர். அது என்னுடையதும் இல்லை, எங்கள் அப்பாவுடையதும் இல்லை. அடுத்த டெண்டரில் அதுவும் இருக்காது.

மடித்துப் பழையபடி உறையில் போட்டு, மந்தாரக்குப்பத்தில் மேஸ்திரி வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளாமல் என்னையே பார்த்தார்.

“உங்கப்பனுக்குத் தெரியுமா?”

“சொல்லிக்கிறேன்.”

“இத இன்னொரு வாட்டி கேட்டா கெடைக்காது பாப்பா. வெளிய நிறைய பேரு நிக்கிறாங்க.”

“தெரியுங்க” என்று சொல்லி நாற்காலிமேல் வைத்துவிட்டு வந்தேன். அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. இந்த வேலை கிடைத்திருந்தால் அவர் மூட்டை தூக்குவதை நிறுத்தியிருக்கலாம் என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொல்கிறாள். அவள் சொல்வது தப்பில்லை. ஆனால் அப்பா கேஸை வாபஸ் வாங்கவும் இல்லை.

போன வாரம் தனியாகக் கடலூருக்குப் போனேன். பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் அவர் சோற்று மூட்டையைச் சுரங்க கேட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான், ஒவ்வொரு நிறத்தையும் பார்த்தவள் நான், என்னைச் சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவின் கேஸைப் பார்க்கும் வக்கீலிடம் சொன்னேன். சொந்த மகள் சொல்வதற்கு அவ்வளவு மதிப்பு இருக்காதம்மா, இருக்கிற நிலைமையில் இது தேறாது என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் என் சாட்சி வாக்குமூலத்தில் அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, விருத்தாசலம் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.